நான் எடுக்கச் சொன்ன சுவர்

அத்தியாயம் 11

மலையடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஏழு மணி. எங்கள் மலைப்பேட்டையான கோமாஸில் ஆகஸ்ட் மாதத் தூறல் விழுவது கண்ணுக்குத் தெரியாது. சட்டை நனைந்த பிறகுதான் தெரியும்.

வழக்கம்போல் பஸ் நிறுத்தக் கழிப்பறைக்குள் போய் உடை மாற்றிக்கொண்டேன். காவலாளிச் சட்டையும் தொப்பியும் விசிலும் பைக்குள் போயின. வெள்ளைச் சட்டையும், வரைபடம் சுருட்டி வைக்கிற கறுப்புக் குழாயும் வெளியே வந்தன. அந்தக் குழாய்க்குள் ஐந்து வருடமாக ஒரு வரைபடமும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாங்கும் நீள ரொட்டி அதில் நன்றாக அடங்கும்.

வெளியே வந்தால் அபிலியோ நிற்கிறான், தன் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு.

அபிலியோ என் தங்கை சுல்மாவின் கணவன். வியாழக்கிழமை ராத்திரி செங்கல் லாரியில் கூட வந்தவன். பணக்காரர்கள் பேட்டையில் புதிதாக எழும்பும் ஒரு அலுவலகக் கட்டடத்தின் வாசலில் அந்த லாரிக்காகத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டது நான்தான். சல்யூட் அடித்து முடித்த பிறகுதான் உள்ளே இருக்கும் முகம் யாருடையது என்று பார்த்தேன்.

அன்று அவன் ஒன்றும் சொல்லவில்லை. லாரி உள்ளே போய்விட்டது.

"ஏறு மச்சான். இஞ்சினியர் நடந்து வந்தா நல்லாவா இருக்கும்?" என்றான் இப்போது.

ஏறினேன். ஆட்டோ மேட்டில் முக்கியது.

"யார்கிட்டயும் சொல்லலை. சுல்மாகிட்டகூட. எங்க வச்சு சொல்றது? ஒரே ரூம்ல நாலு பேரு. பொண்டாட்டி காதுல சொன்னா புள்ளைங்கதான் மொதல்ல கேக்கும்."

"மாப்ள, நான் வந்து..."

"நீ ஒண்ணும் பேசாத. இன்னிக்குத் தளம் போடற நாள். ஏழு வருசமா மாமியார் வீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு மேல ஒரு கூரை வரப்போவுது. நீ உன் வெள்ளைச் சட்டையில நில்லு. பாட்டில் ஒடைக்கறப்ப சிரி. திங்கக்கிழமையிலேர்ந்து நீ காவக்காரனா இரு, போலீஸா இரு, எனக்குக் கவலையில்ல. இன்னிக்கு மட்டும் இஞ்சினியர். சரியா?"

"சரி," என்றேன்.

பொய் சொல்வது எனக்குச் சுலபம். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்தில் மூன்று முறை தோற்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வருடத்தில் என்னை அனுப்பினார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "பாஸா?" தலையை ஆட்டினேன். அந்த ஒரு ஆட்டல்தான். அதன் பிறகு அம்மா தானாகவே பட்டம் கொடுத்துவிட்டாள்.

*

சந்து முழுக்கப் பன்றிக்கறி வறுபடும் வாசனை. ஒலிபெருக்கியில் மலைப்பாட்டு. வீட்டு வாசலில் கலவை மெஷின், அதைச் சுற்றி மணல், ஜல்லி, அறுபது மூட்டை சிமென்ட். பத்து ஆட்கள் அசதி தெரியாமலிருக்கக் கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு, கலவை சுமக்கும் தகர டின்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடு கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே அம்மாவின் மளிகைக்கடையும் எங்கள் அறைகளும். மேலே போன வருடம் எழுப்பிய சுவர்கள் கூரையில்லாமல் நின்றன. இன்று அதற்குத் தளம். முடிந்தால் சுல்மாவும் அபிலியோவும் பிள்ளைகளும் மேலே போய்விடுவார்கள்.

"வந்துட்டான் என் இஞ்சினியர்!" அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். நிக்காசியா என்று பெயர். வீட்டுக்குள் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சந்தில் பெரும்பாலோருக்கு அவள் 'இஞ்சினியர் அம்மா'. "ராத்திரி முழுக்க வேலையா? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. அங்க இருக்கற பெரிய இஞ்சினியர்ங்க எல்லாம் தூங்கப் போயிட்டு, இவனை நிறுத்தி வச்சிடறாங்க."

"நம்பிக்கையான ஆளைத்தானே அத்தை நிறுத்துவாங்க," என்றான் அபிலியோ.

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு எர்மெலிந்தா அக்கா பட்டுத் துணி சுற்றிய பொட்டலத்தோடு வந்தார். இன்றைய தளத்துக்கு அவர்தான் ஞானத்தாய். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதுபோல எங்கள் ஊரில் கூரைக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நாடா கட்டித் தொங்கும் பாட்டிலை உடைப்பதும், பூச்சிலுவையை உச்சியில் நடுவதும் அவர் வேலை.

"இது என் செலவு. நிக்காசியா, அழாம பாரு."

பொட்டலத்தைப் பிரித்தார். பித்தளைத் தகடு. அதில் எழுத்து வெட்டியிருந்தது: *இந்த வீட்டை வடிவமைத்தவர் இஞ்சினியர் நெமேசியோ யாரங்கா.*

அம்மா அழுதாள். தகட்டை முன்கட்டுத் துணியில் துடைத்தாள். அதில் ஏற்கெனவே தூசி இல்லை.

"எப்படி இருக்கு, இஞ்சினியர் தம்பி?" என்றார் எர்மெலிந்தா அக்கா.

"எழுத்து நல்லா இருக்கு," என்றேன்.

*

கூட்டத்தை விட்டுக் கடைக்குள் நழுவினேன். சுல்மா ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்தச் சனியனைத் தூக்கு. நேத்திலேர்ந்து பாதியிலயே நிக்குது. எண்ணெய் விட்டாச்சு, கல்லால அடிச்சாச்சு."

தோளைக் கொடுத்தேன். அசையவில்லை. மேலே பார்த்தேன்.

கடைக்கு நடுவில் ஒரு பீம் ஓடுகிறது. அதன் அடிவயிற்றில் ஒரு விரிசல். மூன்று வாரத்துக்கு முன்பு அந்த விரிசலின் குறுக்கே உள்ளங்கை அளவு ஜிப்சத்தைக் குழைத்து அப்பி, பென்சிலால் தேதி போட்டிருந்தேன். ஜிப்சம் இழுவை தாங்காது. பீம் அசையாமலிருந்தால் அதுவும் முழுசாக இருக்கும். கொஞ்சம் இறங்கினாலும் பிளந்துவிடும்.

பிளந்திருந்தது. தேதிக்கு நடுவில்.

"அது என்ன பூச்சு? நானும் கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் சுல்மா.

"ஒண்ணுமில்ல. ஈரக் கசிவு."

முன்பு அந்த பீமுக்குக் கீழே ஒரு சுவர் இருந்தது. கடை போதவில்லை, அதை எடுத்துவிடலாமா என்று இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மா கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்பது ஒரு இஞ்சினியர் தன் அம்மாவிடம் சொல்லக்கூடிய வார்த்தையாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"தூண் இருக்கு, பீம் இருக்கு. சுவர் சும்மா மறைப்புத்தான், எடுக்கலாம்," என்றேன்.

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நகரத்து உயரக் கட்டடங்களுக்கு அது உண்மை. அங்கே தூண்கள் முதலில் எழும், பீம்கள் அவற்றைக் கோக்கும், சுவர் கடைசியில் வந்து இடத்தை நிரப்பும். எங்கள் மலையில் அப்படியில்லை. இங்கே முதலில் செங்கல் சுவரை எழுப்பி, ஓரத்தைப் பல் பல்லாக விட்டுவிடுவோம். பிறகு அந்தப் பற்களுக்கு நடுவே கம்பியை நிறுத்திக் கான்கிரீட்டை ஊற்றுவோம். தூண் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பாரத்தைத் தூக்குவது சுவர். எங்கள் பீம் என்பது சுவரின் தலையில் கட்டிய ரிப்பன். அது தனியாக நான்கு மீட்டர் தாண்டி நிற்பதற்குப் போட்டதில்லை.

இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. பன்னிரண்டு வயதில் இந்தச் சுவருக்கு நான்தான் அப்பாவுக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். சுவர் முன்னால், தூண் பின்னால் என்று கண்ணால் பார்த்தவன். படிக்கப் போன இடத்தில் கண்ணால் பார்த்ததை மறந்தேன். படிப்பையும் முடிக்கவில்லை.

செங்கல் சுவர்களைப் பற்றிய பாடம் நான்காம் வருடத்தில் வருகிறது. அதை மூன்று வாரத்துக்கு முன்புதான் படித்தேன். காவல் கூண்டில் யாரோ விட்டுப்போன விதிமுறைப் புத்தகத்தில்.

"ஷட்டர் கெடக்கட்டும், பசங்க எங்க?" என்றேன்.

"மேல. தொங்கற பாட்டிலைப் பாக்கப் போயிருக்குதுங்க."

பிள்ளைகள் வழக்கமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் மேசை வாசலோரம் கிடந்தது. வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சொல்லி மூன்று வாரத்துக்கு முன்பு அதை பீமுக்கு அடியிலிருந்து அங்கே நகர்த்தியது நான். இந்த வீட்டில் நான் கொடுத்த எச்சரிக்கை அது ஒன்றுதான்.

*

வடிவமைப்புப் பாடத்துக்கு நான் ஒரே ஒரு வகுப்புதான் போயிருக்கிறேன். நண்பனோடு பின்வாசல் வழியாக. அன்று பேராசிரியர் பலகையில் கணக்கு எதுவும் எழுதவில்லை. ஒரு கட்டடத்துக்கு மூன்று கடமை என்றார். ஆள் மேல் விழக்கூடாது. நிற்கிற நாளெல்லாம் உள்ளே இருப்பவனுக்குத் தொல்லை தரக்கூடாது: கதவு சாத்த வேண்டும், தரை தொய்யக்கூடாது, சுவர் கீறக்கூடாது. இந்த இரண்டையும் தேவைக்கு மேல் ஒரு கிலோ கம்பியைத் தின்னாமல் செய்ய வேண்டும். அப்புறம், எப்படியும் விழத்தான் போகிறது என்றால் முதலில் சத்தம் போட வேண்டும். தொய்ந்து, கீறி, அலறி, ஆட்கள் ஓடுவதற்கு நேரம் கொடுத்துவிட்டுத்தான் விழ வேண்டும். கம்பி போடுவதே அதற்குத்தான் என்றார்.

எங்கள் பீம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஷட்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மாடிக்கு ஓடினேன்.

மேஸ்திரி கிரிசாந்தோ சென்ட்ரிங் பலகைமேல் நின்று கயிறு பிடித்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கூட்டாளி. இந்தச் சந்தில் பாதி வீடு அவர் கையால் கட்டியது.

"மேஸ்திரி, தூறுதே. நாளைக்கு வச்சுக்கலாமா?"

"இஞ்சினியர் தம்பி, இதுக்குப் பேரு மழையா? இதுக்கு எங்க வீட்டு நாய்கூட உள்ள போவாது."

ஆட்கள் சிரித்தார்கள்.

"கம்பியை ஒரு தடவை எண்ணிப் பாத்துடறேன்."

"பாருங்க."

எண்ணினேன். எத்தனை இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. குனிந்து குனிந்து எண்ணி, தலையை ஆட்டினேன்.

"சிமென்ட் கட்டி தட்டியிருக்கற மாதிரி இருக்கு."

ஒருவன் மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிக் காட்டினான். "மாவு மாதிரி இருக்கு சார். பணியாரம் சுடலாம்."

அபிலியோ என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "மச்சான், என்ன பண்றே? பேசினது பேசினதுதான். வாயைத் தொறந்தே, நானும் தொறப்பேன்."

கீழே மெஷின் உறுமியது. ஜல்லி உருளும் சத்தம் வீடு முழுக்க அதிர்ந்தது.

முதல் தகரத்தை வீட்டுக்காரர்கள்தான் ஊற்ற வேண்டும். அதற்கு அம்மா சிவப்பு நாடா கட்டியிருந்தாள். சாய்பலகை வழியாக ஒருவன் அதைத் தூக்கிவந்து என் தோளில் வைத்தான். ஈரக் கலவை. இருபத்தைந்து கிலோ இருக்கும். கழுத்து வழியாக முதுகில் சிமென்ட் பால் வடிந்தது, வெள்ளைச் சட்டை வீணாயிற்று.

"ஊத்துப்பா," என்றாள் அம்மா. "உங்கப்பா இருந்தா அவருதான் ஊத்தியிருப்பாரு."

எர்மெலிந்தா அக்கா பூச்சிலுவையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிள்ளைகள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுல்மா செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

தகரம் என் தோளில். நான் பலகையில். பலகை யூகலிப்டஸ் முட்டுகளின் மேல். முட்டுகள் கீழ்த்தளத்தின் மேல். கீழ்த்தளம் பீமின் மேல். பீம்?

மாலைக்குள் இதேபோல் எழுநூறு தகரம் ஏறும். பதினெட்டு டன். அத்தனையும் போய் நிற்கும் இடத்தில் ஒன்றுமில்லை. அங்கே சர்க்கரை மூட்டையும் தராசும் இருந்தன.

தகரத்தை ஊற்றாமல் பலகையில் இறக்கி வைத்தேன்.

"மேஸ்திரி, நிறுத்துங்க."

"இப்ப என்ன தம்பி?"

"கடை பீம் தாங்காது. கீறியிருக்கு. அந்தச் சுவரை எடுத்திருக்கக்கூடாது."

கிரிசாந்தோ என்னையே பார்த்தார். கன்னத்து இலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார்.

"எடுக்கச் சொன்னது இஞ்சினியர். இப்ப நிறுத்தச் சொல்றதும் இஞ்சினியரா?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. ஆள்கூலி கொடுத்து, கறி சமைத்து, ஊரைக் கூப்பிட்டிருக்கிற வேலையை நிறுத்த அவருக்கு ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது. ஆம் என்று சொல்லியிருந்தால் போதும். நிறுத்தியிருப்பார். நானும் இஞ்சினியராகவே கீழே இறங்கியிருக்கலாம்.

அந்த 'ஆம்' சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கையில் தகடு இருந்தது.

"இல்ல மேஸ்திரி. நான் இஞ்சினியர் இல்ல. மூணாவது வருசத்துலயே வெளிய அனுப்பிட்டாங்க."

மலைப்பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அபிலியோதான் முதலில் வெடித்தான். "கேட்டுக்கங்க! வாட்ச்மேன் இவன்! ராத்திரி வாசல்ல நின்னு லாரிக்கு சல்யூட் அடிக்கறவன். என் கண்ணால பாத்தேன். ஒரு வாட்ச்மேன் பேச்சைக் கேட்டா தளத்தை நிறுத்துவீங்க? மேஸ்திரி, ஊத்துங்க!"

ஆட்களில் ஒருவன் சிரித்தான். பக்கத்தில் நின்றவன் அவன் தொடையில் அடித்தான்.

அபிலியோ சொன்னதில் நியாயம் இருந்தது. உண்மையைச் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து என் பேச்சுக்கு எடையில்லை.

"என்ன வாட்ச்மேன்?" என்றாள் அம்மா. யாரைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. தகட்டைக் கேட்பதுபோல இருந்தது.

கிரிசாந்தோ மெஷின்காரனுக்குக் கையைக் காட்டினார். "ஒரு நிமிசம் நிறுத்து." பிறகு படியிறங்கினார். எல்லோரும் பின்னால் இறங்கினோம்.

கடையில் அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். பிளந்த ஜிப்சத்தை விரலால் தடவினார். பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து விரிசலில் வைத்து அழுத்தினார். அது உள்ளே போயிற்று. திரும்ப எடுக்க முடியவில்லை.

ஸ்டூலிலிருந்து இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?" என்றாள் அம்மா.

"இது சும்மா மறைப்புச் சுவர் இல்லைன்னு. உன் புருசனும் நானும்தானேக்கா எழுப்பினோம்? கடப்பாரையை வச்சப்பவே கை கூசுச்சு. மூணாங் கிளாஸ் படிச்சவன் இஞ்சினியரைக் கேள்வி கேக்கறதான்னு இடிச்சேன். கூலியும் வாங்கிட்டேன்."

"தெரிஞ்சும் பேசாம இருந்தியா? அன்னிக்கு வாயில என்ன வச்சிருந்தே?"

"இலைதான்," என்றார் கிரிசாந்தோ. யாரும் சிரிக்கவில்லை.

அவர் எழுந்து வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டார். "மெஷினை அமத்து! மேல இருக்கற முட்டுல எட்டு எறக்குங்க. ஆப்பு கொண்டாங்க. யாரும் கடைக்குள்ள நிக்காதீங்க."

மேல்தளத்துக்கென்று வாங்கிய யூகலிப்டஸ் கட்டைகள் கீழே வந்தன. கிரிசாந்தோ ஒவ்வொன்றாக நிறுத்தி, அடியில் ஆப்பு வைத்து, சம்மட்டியால் தட்டி இறுக்கினார். நான் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது கட்டையில் பீம் ஒரு சத்தம் போட்டது, உட்கார்ந்திருந்தவர் எழும்போது முட்டியில் வருகிற சத்தம் மாதிரி. எட்டாவதில் ஷட்டர் தானாக ஒரு சாண் இறங்கி நின்றது.

மெஷினுக்குள் கலந்த கலவை காத்திருக்காது. சந்துப் படிக்கட்டில் உடைந்து கிடந்த இரண்டு படியில் அதைக் கொட்டி நிரவினார்கள். அன்று எங்கள் வீட்டில் கட்டியது அவ்வளவுதான்.

*

வறுத்த பன்றியை என்ன செய்வது? "ஒக்காருங்க, சாப்பிடுங்க," என்றாள் அம்மா.

சந்தில் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். கறி, அவித்த மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, சோளத்தில் வடித்த கள். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அம்மா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். மற்றவர்களுக்கு வைத்த அதே அளவு. விருந்தாளிக்கு வைப்பதுபோல இரண்டு கையால் நீட்டினாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

அபிலியோ இறங்கி வரவில்லை. ஊற்றாத தளத்தின் விளிம்பில், தொங்கும் பாட்டிலுக்குப் பக்கத்தில், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

சுல்மா என் எதிரில் வந்து நின்றாள்.

"அந்தப் பூச்சு ஈரக் கசிவுக்குன்னு சொன்னே."

"ஆமா."

"அதுல போட்டிருக்கற தேதி மூணு வாரத்துக்கு முந்தினது."

"ஆமா."

"அன்னிக்குத்தான் மேசையை நகத்தினே." அவள் குரல் உயரவில்லை. "என் புள்ளைங்களுக்கு வெளிச்சம் வேணும்னு சொன்னே. நான்கூட எங்கண்ணன் எப்படிப் பாக்கறான்னு நெனச்சேன்."

தட்டைக் கீழே வைத்தேன்.

அப்போது எர்மெலிந்தா அக்காவும் தன் தட்டைக் கீழே வைத்தார். அவர் மென்றுகொண்டிருந்த கறியை விழுங்க நேரமாயிற்று.

"நெமேசியோ," என்றார். முதல்முறையாக வெறும் பெயர். "எங்க வீட்டுக் கராஜ்?"

அவருக்கு மறந்திருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். மகனின் டாக்ஸியை நிறுத்த முன்னறைச் சுவரை எடுக்கலாமா என்று கேட்டார். ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டி, எடுக்கலாம் என்றேன். ஒரு கோழி கொடுத்தனுப்பினார். அதை நாங்கள் சாப்பிட்டோம்.

"அதையும் முட்டுக் கொடுக்கணும் அக்கா. இன்னிக்கே."

அவர் மடியில் இருந்த சோளக்கதிர் உருண்டு தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"எத்தனை வீடு?"

"அம்மா..."

"எத்தனை வீட்டுல சுவரை எடுக்கச் சொன்னே?"

"நம்மது போக நாலு."

"பேரு சொல்லு."

"எர்மெலிந்தா அக்கா வீடு. முடி திருத்தறவர் வீடு. மேல தண்ணித் தொட்டிகிட்ட இருக்கற ரொட்டிக்கடை."

"மூணுதான் ஆச்சு."

சொல்லத் தேவையில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. நாலாவது, சந்தின் கீழே இருக்கும் பொதுச் சமையல்கூடம். தினமும் இருபது பெண்கள் சேர்ந்து நூறு பேருக்குச் சமைக்கும் இடம். இரண்டாவது அடுப்புக்கு இடம் வேண்டும், நடுச்சுவரை எடுக்கலாமா என்று போன வருடம் கேட்டார்கள். மேலே ஒரு மாடி, அதில் ஊர்ச்சங்கத்தின் நாற்காலிகள், மேசைகள், பழைய இரும்பு பீரோக்கள்.

"நாந்தானே ஒன்னைக் கூட்டிட்டுப் போனேன்," என்றாள் அம்மா. "கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய், என் மவன் பாத்துச் சொல்வான்னு நின்னேன்."

மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்கு அங்கே பந்தி.

அம்மா முன்கட்டுத் துணியை அவிழ்த்துப் பலகைமேல் போட்டாள். சுவரில் சாத்தியிருந்த மீதிக் கட்டைகளில் ஒன்றின் நுனியைத் தூக்கினாள். மறுமுனை தரையில் இழுபட்டது. நான் ஓடிப்போய் அதைத் தூக்கினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தாள். பின்னால் கிரிசாந்தோவும் இரண்டு ஆட்களும் ஆளுக்கொரு கட்டையோடு வந்தார்கள்.

இன்னும் காயாத இரண்டு படியையும் தாண்டிக் காலை வைத்தோம். சந்தில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் இருந்தது. சனிக்கிழமை மதியம்.

"என்ன இஞ்சினியர் அம்மா, தளம் முடிஞ்சுதா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"என் மவன் இஞ்சினியர் இல்ல," என்றாள் அம்மா. "அவன் சொல்லி உங்க வீட்டுல ஏதாவது இடிச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"நல்லது."

அடுத்த வாசல். "என் மவன் இஞ்சினியர் இல்ல. அவன் பேச்சைக் கேட்டு ஏதாவது எடுத்தீங்களா?"

அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகளை, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், சத்தமாகச் சொன்னாள். எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்று மீட்டர் கட்டை இருந்தது. அவள் தோள் குலுங்கியது அதன் வழியாக என் கைக்கு வந்தது.

சமையல்கூடத்தின் புகைபோக்கியில் புகை நன்றாக வந்துகொண்டிருந்தது. உள்ளே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பாத்திரச் சத்தம். வாசலில் பிள்ளைகளும் கிழவர்களும் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

அம்மா கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

திறக்கவில்லை. இன்னொரு முறை தள்ளினாள்.

"நல்லா தோளைக் குடுத்துத் தள்ளுங்க!" என்று உள்ளிருந்து ஒருத்தி சிரித்துக்கொண்டே கத்தினாள். "ரெண்டு நாளா இறுகிக் கெடக்கு!"